மீனுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள்

சால்மன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது டிஸ்கவரி சேனலில் வரும் அந்தக் காட்சிதான். அருவியை எதிர்த்து மீன் துள்ளும். மேலே ஒரு கரடி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மீன் நேராகப் போய் அதன் வாய்க்குள் விழும். பின்னணியில் ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார். (சென்னை மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்கிற காலா மீன் வேறு ஜாதி. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

அந்தக் காட்சியில் வராத ஆட்கள் சிலர் உண்டு. மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு, கையில் ஒரு வலைக்கரண்டி, கழுத்தில் பென்சில் கட்டிய நோட்டு. வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் வேலை. ஆற்றில் போகும் மீனைப் பிடிப்பது, எண்ணுவது, அளப்பது, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவது. பிடித்த மீனில் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேட்டால், கொடுக்கிறார்கள். ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயமே.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், எல்வா என்று ஒரு ஆறு. ஒலிம்பிக் மலைகளில் பிறந்து, போர்ட் ஏஞ்சலஸ் ஊருக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. பெரிய ஆறெல்லாம் இல்லை. ஆனால் பசிபிக் சால்மனில் அங்கே உள்ள ஐந்து வகையும், கூடவே ஸ்டீல்ஹெட் என்ற மீனும் இந்த ஆற்றில் ஏறி வந்திருக்கின்றன. அணை வருவதற்கு முன் வருஷத்துக்கு நாலு லட்சம் மீன் வரை வந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

1913-ல் எல்வா அணை கட்டி முடித்தார்கள். கடலில் இருந்து வெறும் 8 கிலோமீட்டரில்! 1927-ல் அதற்கு மேலே க்ளைன்ஸ் கேன்யன் என்ற இரண்டாவது அணை, 64 மீட்டர் உயரம். மீன் ஏறிப் போக வழி விடவேண்டும் என்று மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. இரண்டு அணையிலும் வழி விடவில்லை. எனவே 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆறும் ஓடைகளும் மீனுக்கு இல்லை என்றாகி, கடைசி 8 கிலோமீட்டர் மட்டும் மிஞ்சியது. லட்சங்களில் வந்த மீன் சில ஆயிரமாகச் சுருங்கிப் போனது.

இதில் மீன் மட்டும் பாதிக்கப்படவில்லை. ஆற்றங்கரையில் இருந்த பழங்குடிகள் லோயர் எல்வா கிளாலம் மக்கள். 1855-ல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்டு, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நிலமும் போய், பிறகு மீனும் போனது. தங்கள் இனம் பிறந்த இடம் என்று அவர்கள் சொல்லும் பாறையே அணையின் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

1974-ல் ஜார்ஜ் போல்ட் என்ற நீதிபதி ஒரு தீர்ப்பு கொடுத்தார். வாஷிங்டன் மாநிலத்தில் ஒப்பந்தம் செய்த பழங்குடிகளுக்கு, பிடிக்கத் தகுந்த மீனில் பாதி பங்கு உண்டு என்று. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பாதி என்றால் முழுசு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அதிலும் ஆற்றில் வரும் மொத்த மீனில் பாதி இல்லை. அடுத்த தலைமுறைக்கு முட்டை இட எத்தனை மீனை விடவேண்டுமோ அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பாதி. வருமானம், செலவு, கையிருப்பு எல்லாம் தெரியாமல் லாபத்தைப் பங்கு போட முடியுமா? அப்படித்தான் இதுவும். எண்ணிக்கை இல்லையென்றால் உரிமை வெறும் காகிதம். அந்த மக்களின் சொந்த மீன்வளத் துறையில் இன்றைக்கு ஆராய்ச்சியாளர்களும் பருவப் பணியாளர்களும் இருக்கிறார்கள் என்றால் அதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம்.

சரி, எப்படி எண்ணுகிறார்கள்?

கடலுக்குப் போகும் குஞ்சுகளை எண்ண ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மிதவைகளுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாய் உள்ள உலோகத்தில் ஒரு பெரிய கூம்பு. ஒலிபெருக்கிக் குழாயைப் படுக்கவைத்த மாதிரி, அகன்ற வாய் ஆறு வரும் பக்கம் பார்த்திருக்கும். வாயின் அகலம் ஒன்றரை மீட்டர், பெரியது என்றால் இரண்டரை மீட்டர். பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. உள்ளே திருகாணி மாதிரி வளைந்த தகடு. ஆற்று வேகத்திலேயே கூம்பு சுற்றும், மோட்டார் கிடையாது. உள்ளே வந்த குஞ்சு அந்தத் திருகில் மாட்டிப் பின்னால் தள்ளப்பட்டு ஒரு பெட்டிக்குள் விழும். பெட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், மீன் உயிரோடு இருக்கும். கரையில் உள்ள மரத்தில் கம்பிக்கயிறு கட்டி மொத்தத்தையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். தேங்காய் துருவியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோஹோ என்ற சால்மன் குஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடையிலேயே வளர்ந்துவிட்டு வசந்த காலத்தில் கடலுக்குக் கிளம்பும். கிளம்பும் முன் உடம்பே மாறும். பக்கவாட்டில் இருந்த கறுப்புப் பட்டைகள் மறைந்து வெள்ளி மாதிரி ஆகும். சிறுநீரகமும் செவுளும் உப்புத் தண்ணீருக்குத் தயாராகும். பயணம் பெரும்பாலும் இரவில்தான், பகலில் போனால் கொக்கும் பறவையும் விடாது. அதனால் பணியாளர்களுக்கு வேலை விடியற்காலையில். ஏப்ரலிலும் அங்கே ஆற்றுத் தண்ணீர் பனி உருகி வந்த தண்ணீர். கையுறை போட்டால் மீன் வழுக்கும், போடாவிட்டால் விரல் மரத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சமாதானத்தில்தான் வேலை ஓடும்.

பெட்டியைத் திறந்தால் முதல் வேலை குப்பை அள்ளுவது. இலை, சுள்ளி, பாசி. அடுத்து, தின்கிற மீனைப் பிரிப்பது. கூம்புக்கு எல்லோரும் ஒன்றுதானே? பெரிய ட்ரவுட் மீனும் அதே பெட்டியில் விழுந்து, ராத்திரி முழுக்க குஞ்சுகளைச் சாப்பிட்டுக்கொண்டு சொகுசாக இருக்கும். பிறகு குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நனைத்த பலகையில் வைத்து நீளம் பார்த்து, எடை போட்டு, இனம் எழுதி, நல்ல தண்ணீரில் தெளியவைத்து, பொறிக்குக் கீழே ஆற்றில் விடுவார்கள். ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார். அளப்பவர் சொன்னதை எழுதுபவர் திருப்பிச் சொல்லவேண்டும். கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணுகிற மாதிரிதான்.

ஆனால் பாருங்கள், ஆறு முழுவதையும் பொறி அடைப்பதில்லை. ஒரு மூலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மிச்ச மீன் பக்கத்தில் போய்விடுமே? இங்கேதான் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. பிடித்த குஞ்சுகளில் சிலவற்றுக்கு அடையாளம் வைக்கிறார்கள். வால் துடுப்பில் துளி வெட்டுவார்கள், அல்லது ஒரு பழுப்புச் சாயத்தில் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பார்கள். பிறகு வாளியில் தூக்கிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கம் நடந்து போய் விடுகிறார்கள். அவை மறுபடி கீழே வரும்போது எத்தனை மாட்டுகின்றன என்று பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, 500 விட்டு 25 திரும்ப மாட்டினால் பொறியின் கெட்டித்தனம் 5 சதவீதம். அடையாளம் இல்லாத 2,000 குஞ்சு அந்த வாரம் பொறியில் விழுந்திருந்தால், ஆற்றில் போனது சுமார் 40,000. அவ்வளவுதான். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் இந்த 5 மாறும் என்பதால் பருவம் முழுவதும் திரும்பத் திரும்ப இதையே செய்யவேண்டும். ஒரே மீன் இரண்டு தடவை பிடிபட்டு, இரண்டு தடவை மயக்க மருந்து குடித்து, அதே ஆற்றில் இரண்டு தடவை கடலுக்குக் கிளம்புகிறது. அது என்ன நினைத்துக்கொள்ளுமோ!

இந்த வேலையில் ஒரு சங்கடமான இரவு உண்டு. மழை பெய்து பனியும் சேர்ந்து உருகி ஆறு ஏறும் இரவு. குஞ்சுகள் அதிகமாகக் கிளம்புவது பெரும்பாலும் அன்றைக்குத்தான், கலங்கல் தண்ணீர் அவற்றுக்குப் பாதுகாப்பு. மரக்கட்டை வருவதும் அன்றைக்குத்தான். ஒரு கட்டை கூம்பில் சொருகினால் சுற்றுவது நின்றுவிடும், பெட்டியில் குப்பை அடைத்து உள்ளே இருக்கும் மீனெல்லாம் நசுங்கிச் சாகும். கூம்பைத் தூக்கிவிட்டால் மீன் பிழைக்கும், ஆனால் அந்த இரவின் எண்ணிக்கை நோட்டில் காலியாகக் கிடக்கும். வருஷத்திலேயே முக்கியமான இரவு! சில மணிக்கு ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு கட்டத்தில் தூக்கிவிடுவார்கள். தூக்கத்தான் வேண்டும். அந்தப் பகுதியின் சினூக் சால்மன் 1999-லும், ஸ்டீல்ஹெட் 2007-லும் அழிவு அபாயப் பட்டியலில் சேர்ந்தவை. எத்தனை மீனைத் தொடலாம், எத்தனை வரை செத்தால் பொறுக்கலாம் என்று அனுமதிக் கடிதத்திலேயே இருக்கும். செத்த ஒவ்வொன்றும் தனிப் பத்தியில் ஏறும். விட்டுப்போன இரவை முந்தைய, பிந்தைய நாட்களை வைத்து மதிப்பிட்டு நிரப்பலாம். செத்த மீனை நிரப்ப முடியாது.

திரும்பி வரும் பெரிய மீன்களுக்கு வேறு வழி. கலங்கிய தண்ணீரில் கண்ணால் எண்ண முடியாது என்பதால் சோனார் கருவியை ஆற்றில் இறக்கி, ஒலியில் தெரியும் நிழல்களைத் திரையில் பார்த்து எண்ணுகிறார்கள். முட்டையிட்டுச் செத்த மீன்களை ஓடைக்கரையில் நடந்து நடந்து எண்ணுவதும் உண்டு. எண்ணிய பிணத்தின் வாலை வெட்டிப் போட்டுவிடுவார்கள், அடுத்த வாரம் வருபவர் அதையே மறுபடி எண்ணாமல் இருக்க. டபுள் என்ட்ரி கணக்கியலுக்கு நல்லது, மீனுக்கு ஆகாது. நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

எல்வாவுக்கு வருவோம். 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஆற்றை மீட்கச் சட்டம் போட்டது. இடிக்க ஆரம்பித்தது 2011 செப்டம்பரில். கீழ் அணை 2012-லும், மேல் அணையின் கடைசித் துண்டு 2014 ஆகஸ்டிலும் போனது. அணைகளுக்குப் பின்னால் சுமார் 2 கோடி கனமீட்டர் வண்டல் சேர்ந்திருந்தது. கிளாலம் மக்களின் அந்தப் பாறை 2012-ல் வெளியே தெரிந்தது. நூறு வருஷமாக அது கதைதான் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதில்.

அப்போது ஒரு பயம் இருந்தது. வண்டல் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்தால் மிச்சம் இருக்கும் மீனும் மூச்சுத் திணறிச் சாகுமே? அதனால் வளர்ந்த கோஹோ மீன்களைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு அணைகளுக்கும் நடுவில் ஆற்றில் சேரும் தெளிந்த ஓடைகளில் விட்டார்கள். இந்தியன் க்ரீக், லிட்டில் ரிவர் என்று இரண்டு. அவை முட்டையிட்டனவா என்பதற்கு அத்தாட்சி எங்கே கிடைத்தது தெரியுமா? அந்த ஓடைகளில் வைத்த பொறிப் பெட்டியில். விரல் நீளத்தில் வெள்ளிக் குஞ்சுகள்!

2011-ல் இருந்து ஆற்றில் மீன் பிடிக்கத் தடை. கிளாலம் மக்களும் தங்கள் உரிமையைத் தாங்களே நிறுத்தி வைத்திருந்தார்கள். கணக்குப் புத்தகம் போதும் என்று சொன்ன பிறகு, 2023 அக்டோபரில், சடங்குக்கும் சொந்தச் சாப்பாட்டுக்கும் மட்டும் என்று கோஹோ பிடித்தார்கள். அணை இல்லாத எல்வாவில் அவர்கள் பிடித்த முதல் மீன் அது. அவர்களின் பாட்டன்மாரில் பலர் அந்த நாளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2025 ஜூலை 18 அன்று ஒரு டேங்கர் லாரி நெடுஞ்சாலையில் இருந்து கவிழ்ந்து இந்தியன் க்ரீக்கில் விழுந்தது. சுமார் 3,000 காலன் எரிபொருள், பெரும்பாலும் பெட்ரோல், ஓடையில் கலந்தது. போர்ட் ஏஞ்சலஸ் ஊருக்குக் குடிதண்ணீரே எல்வாவில் இருந்துதான், கொஞ்ச நேரம் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஓடையில் இருந்த குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. எந்த ஓடைக்கு மீனைச் சுமந்து போய் விட்டார்களோ, அதே ஓடை.

மறுபடி ஆட்கள் வலையோடும் வாளியோடும் இறங்கினார்கள். இந்த முறை மயக்க மருந்து தேவைப்படவில்லை. செத்த மீனை எடுத்து, இனம் பிரித்து, எண்ணினார்கள். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லவேண்டுமே. அதற்கு முன்னால் ஓடையில் எவ்வளவு இருந்தது என்பது பழைய வசந்தங்களின் நோட்டில் இருக்கிறது. அன்றைக்கு ஓடையில் இருந்த கோஹோ குஞ்சுகள் கடலுக்குப் போகவேண்டிய வசந்தம் 2026. முட்டையிடத் திரும்பி வரவேண்டிய இலையுதிர் காலம் 2027.