லே நெடுஞ்சாலையும் கைப்பிடி உறையும்

கரோல்பாக் தில்லித் தமிழர்க்குப் புதிய இடமன்று. உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்த நம் மூத்தோர் பலர் குடியிருந்த பேட்டை அது. அங்குள்ள நாய்வாலாத் தெருவில் இன்று மோட்டார் சைக்கிள் சாமான் கடைகள் வரிசையாக நிற்கின்றன. கோடை பிறந்தால், லடாக் செல்லும் இளைஞர்கள் அங்கே திரள்வர். பெட்டி, விளக்கு, தலைக்கவசம் என்று ஆயிரக்கணக்கில் செலவிடுவர். வழி நெடுகத் தம் கைகள் பற்றியிருக்க வேண்டிய கைப்பிடி உறையை மட்டும் ஏறெடுத்தும் பாரார். அதன் அருமையை மலைப்பாதையே கற்பிக்கிறது.

தில்லியிலிருந்து மணாலி சுமார் 530 கிலோமீட்டர். அங்கிருந்து லே நகரம் மேலும் 400 கிலோமீட்டருக்கு அதிகம். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் சிரமத்தைப் போக்கிவிட்டது. ஆயினும் கேலாங், ஜிஸ்பா ஆகிய ஊர்களைக் கடந்தபின், ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாய் எதிர்ப்படுகிறது. சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா வளைவுகள். ஒன்றன்மேல் ஒன்றாக 21 கொண்டையூசித் திருப்பங்கள்!

நாங்கள் சென்றபோது, உடன் வந்த நண்பரொருவர் பாதி வளைவுகளிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். "விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை, ஐயா" என்றார். பிரேக்கைப் பற்றியதை உணராத கையோடு மலைச்சரிவில் செல்வது எத்துணை அபாயம்! கைகளைத் தேய்த்துச் சூடேற்றி, உணர்ச்சி திரும்பிய பின்னரே புறப்பட்டோம்.

குளிர் ஒரு காரணம். எஞ்சினின் அதிர்வு மற்றொன்று. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் அது மிகுதி. நாட்பட்ட ரப்பர் உறை இறுகிப்போய், அதிர்வைத் தணிக்காமல் உள்ளங்கைக்கே அனுப்பிவிடும். உறை வழுக்கினாலோ கையை மேலும் இறுக்குகிறோம். நரம்புகள் அழுந்தி விரல்கள் மரத்துப்போகின்றன.

பரிகாரம் எளிது. மென்மையான ரப்பர் உறையை வாங்குக. பஞ்சு போன்ற நுரை உறை இதமானதே; ஆனால் மழைநீரை உறிஞ்சும், விரைவில் கிழியும். தடித்தது எல்லாம் நன்றன்று. சிறு கையுடையோர்க்கு அதுவே களைப்புத் தரும். வலப்புற உறை ஆக்ஸிலரேட்டர் குழாயின்மேல் அமர்வதால் அதன் துளை சற்றுப் பெரிது. இடம் மாற்றிப் பொருத்தலாகாது.

பழையதைக் கத்தியால் கீறி அகற்றி, பசையின் கறையை ஸ்பிரிட்டால் துடைத்து, கைப்பிடிப் பசை தடவிப் புதியதைச் செருகி, ஓர் இரவு உலரவிடுக. எளிதில் நுழையுமென்று எண்ணெய் பூசுவோர் உண்டு. ஓடும்போது உறை சுழன்று கையை ஏமாற்றிவிடும். வலப்புற உறை உள்முனையில் உரசாதபடி சிறிது இடைவெளி விடுக. ஆக்ஸிலரேட்டரைத் திருகிக் கைவிட்டால், அது தானே சட்டெனத் திரும்புதல் வேண்டும். ஹாண்டில்பாரை இருபுறமும் முழுதும் திருப்பி, இதனை மீண்டும் சோதித்தல் நலம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே மாற்றிவிட்டு, முர்த்தல் வரை சென்று பராத்தா உண்டு திரும்புங்கள். போகவரச் சுமார் 100 கிலோமீட்டர். கை மரக்கவில்லையெனில் மலைக்குச் செல்லலாம். சில நூறு ரூபாய்ச் செலவுதான். வீட்டிலிருப்போர் கவலையின்றி உறங்குவர்.