மோரீசுத் தீவுக்கு ஒரு பயணத் திட்டம்

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்தும் வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் குருமனைக்கு வந்தனர். கணவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து அண்மையில் ஓய்வு பெற்றவர். மனைவி அம்பத்தூரில் பள்ளி ஆசிரியை. வரும் செப்டம்பரில் அவர்கள் மணவாழ்வின் முப்பதாம் ஆண்டு நிறைவு பெறுகிறது. அவர்கள் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன். "பெயர் மட்டும் வேண்டாம், ஃபாதர்" என்றார்கள்.

மேசையின் மேல் ஒரு வண்ணப் புத்தகத்தை விரித்தார் கணவர். பயண ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம் அது. மரகதத்தைக் கரைத்து ஊற்றினாற் போன்ற கடல், அதன் ஓரத்தில் ஓலைக் கூரையிட்ட மாளிகைகள், ஒவ்வொரு மாளிகைக்கும் தனித் தனி நீச்சல் குளம். மணலில் மெழுகுதிரி ஏற்றி இருவருக்கு மட்டும் இரவு விருந்து. ஹெலிகாப்டரில் ஏறித் தீவை வட்டமிடலாமாம். ஏழு இரவுகள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்த தொகையைப் பார்த்தேன். அவர் பெற்ற பணிக்கொடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

வாசகர்கள் நான் உடனே மறையுரை தொடங்கியிருப்பேன் என்று எண்ணலாம். தொடங்கவில்லை. திருமணமான மறுவாரம் வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போய் வந்ததுதான் இவர்கள் கண்ட தேனிலவு. அதன்பின் முறை வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், மூத்த மகளின் திருமணம். கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்ததை அறிந்த ஆண்டவர், "தண்ணீர் போதும்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லையே. எனவே, "நல்லது, போய் வாருங்கள்" என்றுதான் சொன்னேன்.

அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் அம்மையார்தாம் மெல்லச் சொன்னார்: "அத்தையைப் பற்றித்தான் கேட்க வந்தோம், ஃபாதர். முதியோர் இல்லம் நடத்தும் சிஸ்டர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர்களைப் பத்து நாள் அங்கே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்து தர வேண்டும்."

அத்தை என்றால் கணவரின் தாயார். எண்பத்து நான்கு வயது. முழங்கால் வலியால் படியேற முடியாது. மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நான் நற்கருணை கொண்டு போகும் வீடுகளில் அதுவும் ஒன்று. "அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்றேன். இன்னும் சொல்லவில்லை என்றும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பதாகவும் கணவர் தரையைப் பார்த்தபடி பதில் கூறினார்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆயினும் உடனே பதில் சொல்லாமல் புத்தகத்தைப் புரட்டினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தீவை நான் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே பணியாற்றிய குரு நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில், ஒரு செப்டம்பரில் மோரீசுக்குச் சென்றேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, சென்னையிலிருந்து நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் எரிமலைத் தீவு அது. நம் கடிகாரத்திற்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. நம் ஊரில் புழுக்கம் தணியாத செப்டம்பரில் அங்கே குளிர்காலம் முடியும் தறுவாயில் இருக்கும். மழை குறைவு, காற்று இதமானது. புயல் பயமெல்லாம் பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரைதான். தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறை அரண் போலச் சூழ்ந்திருப்பதால், அதற்கு உட்பட்ட கடல் ஏரி போல் அடங்கிக் கிடக்கிறது. விளம்பரப் புத்தகம் கடலைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்டவைதாம் அதிகம்.

அவர்கள் தெரிந்தெடுத்திருந்த விடுதி தீவின் தென்மேற்கு முனையில், லெ மோர்ன் என்னும் மலையின் அடிவாரத்தில் இருந்தது. கடலுக்கு மேலே செங்குத்தாக எழும் கருங்கல் மலை. படத்தில் அது அழகான பின்னணி. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது அழகுக்காக அன்று. கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்தவர்களை, பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணிப் பலர் உச்சியிலிருந்து குதித்து மாண்டார்கள் என்று அத்தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மணலில் மெழுகுதிரி விருந்து நடப்பது அந்த மலையின் நிழலில்தான்.

அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலில் கொண்டு போகப்பட்டார்கள். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களே மிகுதி. அதற்கு அடுத்தபடி சென்னை. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண் ஒருவருக்கு மாதம் ஐந்து ரூபாய், அதோடு அரிசியும் பருப்பும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்துக்கொள்ளப்படும். நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இதன் பொருள் நான் சொல்லாமலே விளங்கும்.

தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய இடம் இன்றும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்று பெயர். 2006-இல் அதுவும் உலக மரபுச் சின்னமாயிற்று. பழைய கட்டடங்களில் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியவற்றுள் கடலிலிருந்து மேலேறும் பதினாறு கற்படிகளும் அடங்கும். அந்தப் படிகளுக்கு முன் நான் நின்றபோது வேறு யாரும் இல்லை. பதினாறே படி. நம் ஊர் மேம்பாலத்தில் ஏறும் படிகளின் எண்ணிக்கைகூட இல்லை. ஏறியவர்களில் ஒருசாரார் ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தனர். பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டனர்.

தீவின் உட்பகுதியில் வண்டியில் போகையில் கரும்பு வயல்களுக்கு நடுவே கருங்கற்கள் கோபுரம் போல் குவிந்து கிடக்கக் காணலாம். முதலில் ஏதோ பழங்காலக் கல்லறைகள் என்று நினைத்தேன். இல்லை. எரிமலைக் கற்கள் நிறைந்த மண்ணைப் பயிருக்குத் தகுதியாக்க, முதலில் அடிமைகளும் பின்னர் நம்மவர்களும் கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை. தீவில் நான் பார்த்தவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது கடல் அன்று, அந்தக் கற்குவியல்களே.

தமிழ் அங்கே பெரும்பாலும் பேச்சில் இல்லை. கிரியோலும் பிரெஞ்சும்தான் தெருவில் கேட்கும். ஆனால் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு! 1998-இல் புதிய நோட்டுகளில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கி அச்சிட்டபோது, அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சாயின. தாய்மொழியைப் பேச மறந்த பின்னும் அதன் இடத்தை விட்டுக்கொடுக்காத மக்கள்! தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள்.

நம் கத்தோலிக்க மக்கள் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரியில் பயின்ற நாளிலேயே முத்திப்பேறு பெற்ற ழாக் தெசிரே லவால் என்னும் பெயரைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது என்ன பெயர் என்பது அங்கே போன பின்தான் புரிந்தது. பிரான்சு நாட்டு மருத்துவரான இவர், தொழிலை விட்டுக் குருவாகி, 1841-இல் மோரீசுக்கு வந்தார். விடுதலை பெற்றும் ஏழைகளாய், எழுத்தறிவற்றவர்களாய் நின்ற கறுப்பின மக்களிடையே பணி செய்ய, முதலில் அவர்களுடைய மொழியைக் கற்றார். நாள் வேலை முடிந்து அவர்கள் வரும் இரவு நேரத்தில் மறைக்கல்வி கற்பித்தார். 1864 செப்டம்பர் 9-ஆம் நாள் இறந்தபோது ஏறக்குறைய 40,000 மக்கள் அடக்கத்திற்குத் திரண்டார்கள். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் ஆட்சிக்காலத்தில் முதன்முதல் முத்திப்பேறு பட்டம் அளித்தவர்களில் இவர் ஒருவர். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தீவுக்கு வந்ததும் இவர் திருநாளில்தான்.

செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு, தீவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் சேன்ட் குருவா என்னும் இடத்திலுள்ள அவர் கல்லறைக்கு நடந்து வருகிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடப்போரைக் கண்ட நமக்கு இது புதிதன்று. புதியது, நடப்பவர்களில் இந்துக்களும் இசுலாமியரும் கலந்திருப்பது. கல்லறையின் மேல் கிடக்கும் அவர் உருவத்தை எல்லோரும் தொட்டு வணங்குகிறார்கள். என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் என் நிறத்தைப் பார்த்து, "மதராசு?" என்று கேட்டார். ஆம் என்றேன். தம் நெஞ்சைத் தொட்டு, "மதராசு" என்றார். பின் எங்களிருவருக்கும் பேச மொழியில்லை. அவர் தம் கையிலிருந்த இரு மெழுகுதிரிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

இவ்வளவையும் சுருக்கி அந்தத் தம்பதியரிடம் சொன்னேன். புத்தகத்தின் நடுப்பக்கத்தில் கடலோரமாகச் சிவப்புக் கூரையுடன் ஒரு சிறு கட்டடத்தின் படம் இருந்தது. "இது என்ன விடுதி?" என்று கேட்டார் அம்மையார். அது விடுதியன்று. தீவின் வடமுனையான காப் மாலெரோவில் உள்ள சகாய அன்னை ஆலயம்! ஞாயிறு திருப்பலியை எங்கே காண்பது என்ற என் கேள்விக்கு அவர்கள் புத்தகத்திலேயே விடை இருந்தது. மூவரும் சிரித்துவிட்டோம்.

"சிஸ்டர்களிடம் கேட்கிறேன். ஆனால் முதலில் அம்மாவிடம் நான் பேச வேண்டும்" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. நான்காம் கட்டளையை எப்படி எடுத்துரைப்பது என்று அந்த வார முழுவதும் மனத்திற்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வெள்ளி வந்தது. நற்கருணை வழங்கி முடித்தபின் மகனையும் மருமகளையும் அருகில் அழைத்து, விஷயத்தை நானே மெல்ல எடுத்தேன். மோரீசு என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மோரீசா? எங்க தாத்தாவோட சித்தப்பா கப்பலேறிப் போன ஊராச்சே சாமி! எங்க பாட்டி சொல்லிச் சொல்லி அழும். போனவரு ஒரு காயிதம்கூடப் போடலியாம்."

மகன் திகைத்துப் போனார். அறுபது ஆண்டுகளாக அவர் கேள்விப்படாத செய்தி. யாரும் கேட்டதில்லை, அம்மா சொன்னதுமில்லை.

முதியோர் இல்லத்தைப் பற்றியும் சொன்னேன். அழுவார், முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அம்மையார் என்னையே ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நாள்தானே சாமி? அங்கே தினமும் பூசை உண்டு. பேச்சுத் துணைக்கு என் வயசுக்காரங்க இருப்பாங்க. இங்கே பகல் முழுக்கச் சுவத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன். சந்தோசமாப் போய் இருப்பேன்." பிறகு மகனிடம் திரும்பி, "ஏன்டா, இதை எங்கிட்டச் சொல்ல உனக்குச் சாமி வேணுமா?" என்றார்.

ஒத்திகை பார்த்த மறையுரை என் வாயிலேயே நின்றுவிட்டது. குற்றவாளிக் கூண்டில் மகனை நிறுத்தப் போயிருந்த நான், அந்தப் பகல் நேரத்துச் சுவரைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை. மாதத்தில் ஒரு வெள்ளி, பத்து நிமிடம், ஆசீர்வாதம், அடுத்த வீடு. அவ்வளவே நான் அறிந்த அம்மா.

இப்போது திட்டம் மாறியிருக்கிறது. லெ மோர்ன் மாளிகையில் இரண்டு இரவுகள் மட்டும். அதை முற்றும் விட்டுவிட அம்மையாரே சம்மதிக்கவில்லை. "முப்பது வருசம் அவள் சமைச்சா, ரெண்டு நாள் யாராவது அவளுக்குச் சமைச்சுப் போடட்டும்" என்றாராம். மற்ற நாட்களுக்கு வடகரையில் எளிய தங்குமிடம். செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னையின் பிறப்பு விழாவன்று இரவு, சேன்ட் குருவாவுக்கு நடை. சுற்றுலாவுக்குச் செல்லும் இந்தியர் முன்கூட்டியே விசா பெற வேண்டியதில்லை என்பதால் அந்த அலைச்சல் இல்லை. தொகை பாதியாகக் குறைந்தது.

மோக்கா என்னும் ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் ஒன்று உண்டு. வந்திறங்கிய கூலிகளின் பழைய பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், வந்த கப்பல் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சிலருக்குப் புகைப்படமும் உண்டு. கப்பலின் பெயரோ ஆண்டோ தெரியாமல் தேடினால், ஒரே பெயரில் எத்தனை பேர் வருவார்களோ! கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது என்று அம்மையாரிடம் எச்சரித்தே இருக்கிறேன். ஆயினும் அவர் நினைவிலிருந்த பெயரையும், தகப்பன் பெயரையும், திருவள்ளூருக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரையும் சொல்லச் சொல்ல, மருமகள் ஒரு தாளில் எழுதி அந்த நிறுவனத்திற்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருக்கிறார்.

சென்ற வெள்ளியன்று போனபோது அம்மையார் தலையணைக்கடியிலிருந்து ஓர் ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து மகனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். லவால் சாமியார் கல்லறையில் ஏற்ற இரண்டு மெழுகுதிரிக்காம். ஒன்று, கப்பலேறியவருக்கு. மற்றொன்று யாருக்கு என்று மகன் கேட்டதற்கு, "போய்ட்டு வா, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார்.