தீயணைக்கப் போன பிரபு

எங்கள் வம்சம் அப்படி, எங்கள் தாத்தா இப்படி என்று பெருமை பேசும் பிள்ளைகளிடம் நான் ஹங்கேரியின் சேச்சேனி குடும்பத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் ஒருவரால் தலையெடுத்த குடும்பம் அது. பின்னால் வந்தவர்கள் நிலபுலனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்.

ஆனால் ஃபெரென்ஸ் சேச்சேனி தாம் சேர்த்த நூல்களையும் நாணயங்களையும் 1802-இல் நாட்டுக்கே எழுதிவைத்தார். தேசிய நூலகமும் அருங்காட்சியகமும் அதிலிருந்து பிறந்தவை. அவர் மகன் இஷ்ட்வான், 1825-இல் அறிவியல் கழகம் அமைக்கத் தம் நிலங்களின் ஓராண்டு வருமானத்தை அப்படியே கொடுத்தார்.

இஷ்ட்வான் கொடுத்ததில் நான் பெரிதாக நினைப்பது பணத்தை அல்ல. 1820 டிசம்பரில் தந்தை வியன்னாவில் இறந்தபோது, டான்யூப் நதியைக் கடக்க வழியில்லாமல் அவர் பெஸ்ட் நகரக் கரையில் ஒரு வாரம் காத்துக் கிடந்தார். அன்று இருந்தது படகுகளைக் கோத்துப் போட்ட மிதவைப் பாலம்தான். பனிக்கட்டி மிதந்து வரும் காலத்தில் அதைப் பிரித்துவிடுவார்கள். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று அவர் பிறகு ஓயாமல் பாடுபட்டார். அந்நாளில் பிரபுக்களுக்குச் சுங்கம் கிடையாது, சாமானியர்தான் கட்டினார்கள். புதிய பாலத்தில் பிரபுவும் கட்ட வேண்டும் என்று 1836-இல் சட்டம் வந்தது. தம் குலத்தின் சலுகையிலேயே கை வைத்த மனிதர் அவர். 1848 ஜூலையில், பாலத்தைத் தாங்கும் சங்கிலிகளில் கடைசியை ஏற்றும்போது அது அறுந்து விழ, ஆற்றில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர்; நீந்திக் கரையேறினார். அந்தச் செப்டம்பரில் மனம் உடைந்து வியன்னாவை அடுத்த டோப்ளிங் மனநல விடுதிக்குப் போனார். 1849 நவம்பரில் திறந்த பாலத்தை அவர் ஒருமுறைகூடக் கடக்கவில்லை. 1860-இல் அந்த விடுதியிலேயே இறந்தார்.

இவ்வளவு பெரிய அப்பாவின் பெயரைச் சுமப்பது பிள்ளைக்கு லேசல்ல. இளைய மகன் ஓடன் அந்தப் பெயரின் நிழலில் ஒதுங்கவில்லை. பெஸ்டில் தன்னார்வத் தீயணைப்புப் படையைத் தொடங்கினார். 1874-இல் துருக்கிச் சுல்தான் அழைக்க, இஸ்தான்புல் போய் அங்கும் ஒரு படையை உருவாக்கினார். மதம் மாறாமலே பாஷா பட்டம் பெற்று, 1922-இல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே வாழ்ந்தார். மரவீடுகள் நெருங்கிய நகரத்தில் தீ எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சேச்சேனி குடும்பத்தில் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் இந்த ஓடன்தான்.