சைக்கிளில் பழவேற்காடு

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு விழித்தால் ஊர் வந்துவிடும். ஆனால் ஏரியும் குப்பங்களும் சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான் முழு முகத்தைக் காட்டும். பெண்கள் போகலாமா? தாராளமாகப் போகலாம். காற்றைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்!

கடலோரச் சாலையில் மேடில்லை, ஆகவே சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே எதிர்காற்றுத்தான் மேடு. விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்குள் திசை மாறிக் கடற்காற்றாகிவிடும். பாய் விரித்த காலத்து மீனவர்கள் ஒன்றில் போய் மற்றதில் திரும்பினார்கள். நமக்கும் அதே கணக்குத்தான். முதல் நாளே பொன்னேரிக்கு வந்து தங்கிவிட்டு, பலபலவென்று விடியும்போது கிளம்பினால் மீதி 20 கிலோமீட்டரும் காற்று முதுகைத் தள்ளும். மாலையில் கடற்காற்று வழியனுப்பி வைக்கும். மீஞ்சூர்ப் பக்கம் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் வரும். இறங்கி ஒதுங்கி நிற்பதில் வெட்கமே வேண்டாம்.

மணிக்கு 12 கிலோமீட்டர் போதும். கூட வருகிறவளுடன் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். பேச்சைக் குறைக்க வேண்டாம்! மணிக்கொரு தரம் பத்து நிமிஷம் நில்லுங்கள். தாகம் எடுக்குமுன்பே உப்பிட்ட மோர் குடியுங்கள். தலைப்பு சக்கரத்தில் சிக்காதபடி இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மணல் வந்தால் மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போங்கள்.

தை, மாசி உகந்த மாதங்கள். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் நிற்கும். இருளர் பெண்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இன்று வெறும் மேடாய்க் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய தூண்களோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது.

மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முந்துவதற்குப் போட்டியில்லை. சைக்கிள்காரர்களுக்கும் இது நல்ல பாடம்.

ஓர் எச்சரிக்கை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினத்தன்று இந்த ஏரியில் உல்லாசமாகப் படகேறிப் போனவர்களில் 22 பேர், படகு கவிழ்ந்து மாண்டார்கள். குடும்பம் குடும்பமாய்ப் போனவர்கள்! ஏரி பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். முகத்துவாரத்து நீரோட்டம் அப்படியல்ல. யார் கூப்பிட்டாலும் படகேறாதீர்கள். கரையிலிருந்தே கண் நிறையப் பார்க்கலாம்.

வீடு திரும்பியதும் சைக்கிளை நல்ல தண்ணீரால் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று இரும்புக்குப் பகை. மிச்ச எண்ணெய் இருந்தால் உங்கள் முழங்காலுக்கும் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம்; நல்லெண்ணெயாக இருக்கட்டும்!