சட்டத்தில் மூன்று மாதம், தரமணியில் பத்து மாதம்

சென்னை தரமணியில் வீடு தேடுகிறவரை வாடகையைவிட அட்வான்ஸ்தான் முதலில் மடக்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 15,000 என்றால் சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை இரண்டையும் சேர்த்தால், சாவி கைக்கு வருமுன் 1,80,000 ரூபாய்!

2000இல் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்தபின், இந்தப் பக்கம் ஐ.டி. சம்பளத்தை வைத்துத்தான் வாடகை பேசுகிறார்கள். ஐ.டி. கட்டடத்து வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனும், கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காவும் அதே தெருக்களில்தான் வீடு தேட வேண்டியிருக்கிறது.

சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாதம் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அடுத்து ஆள் காத்திருக்கும்போது யார் பேரம் பேச முடியும்?

ஓனர்களின் பயமும் புரிகிறது: வாடகை பாக்கி, காலி செய்ய மறுப்பு, கோர்ட் அலைச்சல். அதற்காக மூன்றை ஆறாக்குங்கள். ஆனால் அந்த விதிவிலக்கை எடுத்துவிடுங்கள்.

அதுவரை, குடிபோகிறவர்கள் அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.