மராகிஷ் சதுக்கத்துக் குரங்குகள்

மொராக்கோ நாட்டின் மராகிஷ் நகருக்கு நீங்கள் என்றேனும் செல்ல நேர்ந்தால், அஸர் தொழுகைக்குப் பின் ஜாமிஉல் ஃபனா சதுக்கத்திற்கு வாருங்கள். இலங்கை மலைக்காடுகளில் கண்ட குரங்குகளைப் பற்றி வியந்து கூறிய இப்னு பதூதா பிறந்த நாடு இது. சற்றுத் தொலைவில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் குத்துபிய்யா பள்ளிவாசல், சுமார் 77 மீட்டர் உயர மினாராவுடன் நிமிர்ந்து நிற்கிறது. சதுக்கத்திலோ கதை சொல்வோர், பறை முழக்குவோர், பழச்சாறு விற்போர் என்று ஒரே ஆரவாரம். இதன் பண்பாட்டுச் சிறப்பை யுனெஸ்கோ 2001இல் போற்றி அறிவித்தது.

அந்தக் கூட்டத்தினிடையே, கழுத்தில் சங்கிலி பூட்டிய வாலில்லாக் குரங்குகளையும் காண்பீர்கள். சிலவற்றுக்குச் சட்டை அணிவித்திருப்பார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்று உங்கள் தோளில் ஏறியிருக்கும். படம் எடுத்தால் காசு. குரங்கு பல்லைக் காட்டுகிறது. பயணிகள் அது சிரிப்பதாக எண்ணி மகிழ்கின்றனர். உண்மையில் அது அச்சத்தின், பணிவின் அடையாளம்.

இந்த இனத்தின் தாயகம் சதுக்கமன்று. மத்திய அட்லஸ் மலைகளின் தேவதாருக் காடுகளே அதன் முதன்மையான இருப்பிடம். குளிர்காலப் பனியைத் தாங்கும் அடர்ந்த உரோமத்தோடு, மராகிஷின் நாற்பது டிகிரி வெயிலில் கல் தரையில் அது அமர்ந்திருக்கிறது. தாயிடமிருந்து குட்டியாகவே பறித்து வரப்பட்டவை பல. சில குட்டிகள் கடல் கடந்து ஐரோப்பிய வீடுகளுக்கு வளர்ப்புப் பிராணிகளாகக் கடத்தப்படுகின்றன. வளர்ந்து கடிக்கத் தொடங்கியதும் அங்கும் அவை வேண்டாதவையாகிவிடுகின்றன.

பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே சேர்க்கும்படி பணித்த செய்தி அபூதாவூது நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. மினாராவின் நிழல் விழும் தொலைவில் இத்தொழில் நடப்பதைக் காணும் எவருக்கும் அது நினைவில் எழாமல் போகாது.

2008இல் இக்குரங்கு அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2011இல் மொராக்கோ கொண்டுவந்த சட்டம், இத்தகைய உயிரினங்களை அனுமதியின்றிப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. 2016இல் பன்னாட்டு வணிகத்துக்கும் மிகக் கடுமையான தடை வந்தது. ஆயினும் சதுக்கத்தில் சங்கிலிகள் மறைந்துவிடவில்லை. குரங்காட்டியைக் குறை சொல்வது எளிது. அவன் வயிற்றுப்பாட்டுக்கு அலைபவன். தொலைவிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, ஒரு படத்திற்காகக் காசை நீட்டுகிறவரை என்னவென்று சொல்வது? நம் நாட்டில் குரங்குகளை வித்தைக்குப் பழக்குவதை 1998ஆம் ஆண்டின் அரசாணை தடை செய்தது. அப்படியிருந்தும் தெருவோரம் உடுக்கைச் சத்தம் கேட்டால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஓடியவர்கள் நம்மிலும் உண்டு.

குரங்குகளைக் காணும் ஆவல் இருந்தால், அஸ்ரூ என்னும் மலையூருக்குச் செல்லுங்கள். மராகிஷிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு பகல் பயணம். சாலையோரக் குரங்குகளுக்கு நிலக்கடலையும் ரொட்டியும் வீசும் கூட்டத்தைக் கடந்து, தேவதாரு மரங்களினூடே சற்று உள்ளே நடக்க வேண்டும். குட்டிகள் பிறக்கும் இளவேனிற்காலமே ஏற்ற பருவம். இந்த இனத்தில் ஆண் குரங்குகளும் குட்டிகளைச் சுமந்து திரியும். அதை அங்கே கண்ணாரக் காணலாம்.