கட்டையும் தாளமும் எழுதாத ஏடு

கமூச்சா ரயில் நிலையத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தால், மலைச்சரிவில் ஒட்டவைத்தது போல் கோர்த்தோனா தெரிகிறது. சுமார் 500 மீட்டர் உயரம். பஸ் மதில் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மதிலின் அடிவரிசைக் கற்கள் ரோமானியர்களுக்கும் முந்தைய எத்ருஸ்கர்கள் அடுக்கியவை. ஊருக்குள் சமதளமான தெரு என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. மக்கள் அதை 'சமதளத் தெரு' என்ற பொருளில் ரூகா பியானா என்றே அழைக்கிறார்கள். மற்றதெல்லாம் ஏற்றம், அல்லது இறக்கம்.

இத்தாலியின் டஸ்கனி பகுதியிலுள்ள இந்தச் சிற்றூருக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் பிரான்சிஸ் மேயஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1996-ல் எழுதிய புத்தகத்தாலும், அதை வைத்து 2003-ல் வந்த சினிமாவாலும். நான் போனது ஒரு பாட்டுக்காக.

13-ம் நூற்றாண்டுப் பாட்டு அது. கிறிஸ்துவின் கொடிய மரணத்தைச் சொல்வது. அதன் ஒலிப்பதிவு ஒன்றை டெல்லியில் ஒரு நண்பர் கொடுத்தார். தனியாக ஒரு பெண் குரல். அடியில் தம்பூரா போல் ஒரே சுருதியில் இழையும் நரம்புக் கருவி. சவுக்க காலத்திலும் சவுக்க காலம். கேட்டு முடித்ததும் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அன்றிரவே தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். ஒப்பாரியாகவே வந்தது. வரிகள் நீண்டன. எனக்குத் திருப்தி.

சில மாதங்கள் கழித்து இன்னொரு குழுவின் பதிவு கிடைத்தது. அதே பாட்டு, அதே சொற்கள். ஆண்கள் பலர் சேர்ந்து, கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில், கை முரசு அதிர, சுருதியும் கணிசமாகக் கீழே இறங்கிப் பாடுகிறார்கள். கோபமாக ஊருக்குச் செய்தி சொல்வது போல் இருந்தது. அழுகை எங்கே போயிற்று? இரண்டில் ஒன்று தவறு என்றால், என் மொழிபெயர்ப்பும் தவறாக இருக்கலாம்.

பாட்டு வந்த ஏடு, கோர்த்தோனாவில் 1727-ல் தோன்றிய எத்ருஸ்கக் கழகத்தின் நூலகத்துக்குச் சொந்தம். எண் 91. நூலகர் ஜிரோலமோ மான்சினி 1876-ல் இதைக் கண்டெடுக்கும்வரை யாரும் சீந்தவில்லை. தோலில் எழுதிய ஏடு. அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு மெட்டும் குறித்திருக்கிறார்கள். கோயிலின் லத்தீனில் அல்ல, தெருவில் பேசிய இத்தாலிய மொழியில். 'லாவ்தா' என்று பெயர். துதி என்று பொருள். பாடியவர்கள் பாதிரிகள் அல்ல. தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டு ஒன்றுகூடிய ஊர்க்காரர்கள்.

மெட்டு கோடுகளின் மேல் சதுரச் சதுரப் புள்ளிகளாக இருக்கிறது. எந்த ஸ்வரத்துக்கு அடுத்து எந்த ஸ்வரம் என்று அவை சொல்லும். எவ்வளவு நேரம் நிற்பது என்று சொல்லாது. தாளம் இல்லை. காலப்பிரமாணம் இல்லை. எத்தனை கட்டை என்பதும் இல்லை. இன்று மேற்கத்திய வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் 440 அதிர்வு என்ற கணக்கே 1939-ல் லண்டனில் கூடி ஒப்புக்கொண்டதுதான். எந்தக் கருவியை வாசிப்பது என்றும் ஏட்டில் குறிப்பு கிடையாது. முரசும் நரம்பும் பதிவு செய்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தவை.

ராகம்? பல மெட்டுகள் டோரியன் என்ற முறையில் அமைந்தவை. ஸ்வரஸ்தானங்களைப் பார்த்தால் நம் கரகரப்பிரியா. ஆனால் அந்தக் காலப் பாடகர்கள் ஆறாவது ஸ்வரத்தை, அதாவது தைவதத்தை, குறியில்லாத இடத்திலும் சில சமயம் இறக்கிப் பாடுவதுண்டு. இறக்கினால் நடபைரவியின் சாயல் வந்துவிடும். இந்த ஒரு ஸ்வரத்தில் முகமே மாறிப்போகிறது.

பெர்னாந்தோ லியுத்சி என்ற அறிஞர் 1935-ல் ஏட்டின் நிழற்படங்களுடன் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். எல்லா மெட்டுகளையும் நான்கு நான்கு எண்ணிக்கையில் அடக்கிக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சொல்லின் அசைபோக்கில் விட்டுவிட வேண்டும் என்றார்கள் சிலர். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆக, இசைத்தட்டின் உறையில் '13-ம் நூற்றாண்டு' என்று போட்டிருந்தாலும், நம்மை உருக்கும் வேகமும் சுருதியும் நம் காலத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் முடிவானவை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பாடாமல் இருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் உறையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சதுக்கத்திலிருந்து செங்குத்தான தெரு ஒன்று சான் பிரான்செஸ்கோ கோயிலுக்கு ஏறுகிறது. புனித பிரான்சிஸின் சீடர் எலியாஸ் 1245-ல் தொடங்கிய கோயில். அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான். நம் ஏட்டுக்குச் சொந்தக்காரர்களான சங்கத்தார் இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள். மரக்கூரை போட்ட ஒரே நீண்ட கூடம், அலங்காரம் குறைவு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு பதிவுகளையும் மாறி மாறிக் கேட்டேன். ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அந்தப் பெண்ணின் நீண்ட இழுப்புகளை நான் மனசுக்குள் பாடிப் பார்க்கக்கூட முடியவில்லை. பயிற்சி பெற்ற மூச்சு அது. நாள் முழுக்க உழைத்துவிட்டு இந்த ஏற்றத்தில் வந்து நின்றவர்களுக்கு எது வசதிப்பட்டிருக்கும்?

மூலத்தை மறுபடி படித்தேன். முதல் வரியில் எல்லோரையும் அழச் சொல்கிறது. வாஸ்தவம். ஆனால் அதற்குப் பிறகு வருவது கதை. பிடித்தார்கள், கையைக் கட்டினார்கள், முப்பது காசு விலை பேசினார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சம்பவங்கள். நின்று புலம்ப நேரமே இல்லை. முரசுக்காரர்கள் சொன்னதுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் நான் விரும்பிக் கேட்பது அந்தப் பெண்ணைத்தான்.

டெல்லி திரும்பியதும் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு கண்ணிகளில் மூன்று 'ஐயோ' இருந்தன. மூலத்தில் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்றையும் அடித்தேன்.